பூரணம் ஒளித்து வைத்த பல்லு

பூரணத்துக்குத் தன் தங்கச்சி பாலேஸ்வரியில் பொறாமை. அச்சுவேலிப் பக்கத்தில் இது தெரியாத ஆட்கள் இல்லை. கிணற்றடியில் கதைப்பார்கள், சந்தையில் கதைப்பார்கள், பூரணம் வருகிறாள் என்று கண்டால் உடனே வெங்காய விலையைக் கதைப்பார்கள்.

சும்மா பழி சொல்லக்கூடாது, அவள் பக்கத்தையும் கேட்கவேணும். பூரணம் மூன்று வயது மூத்தவள். மூத்தவளுக்கு எல்லாம் முதலில் நடக்கவேண்டும். ஆனால் நடந்தது என்ன? தங்கச்சிதான் முதலில் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டாள். பாவாடை சட்டையோடு நின்ற பூரணம் அந்தச் சாமத்திய வீட்டுக்கு வந்த சனத்துக்குப் பலகாரத் தட்டம் நீட்டினாள். தகப்பனின் தமக்கை தங்கமுத்து மாமி, வாயில் அரியதரத்தை வைத்துக்கொண்டே, "எடி பிள்ளை, உனக்கு எப்ப?" என்று ஊர் கேட்கக் கேட்டாள். அண்டைக்குப் பூரணம் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய் நின்று அழுத அழுகையைக் கண்டது ஒரு பசுமாடு மட்டும்தான்.

பிறகு சீதனம் வந்தது. பூரணத்துக்குப் பின்வளவும் மண்வீடும். பாலேஸ்வரிக்கு, கடைக்குட்டி என்று சொல்லி, தாய் தகப்பன் இருந்த கல்வீடு. அதிலும் ஒரு நியாயம் இருந்தது, கடைசிக் காலத்தில் பெற்றவர்களைப் பார்த்தவள் பாலேஸ்வரிதான். ஆனால் பொறாமைக்கு நியாயம் சொல்லி ஆர் வென்றது? காலையில் எழும்பி வாசலில் சாணி தெளிக்கிறபோதெல்லாம் அந்தக் கல்வீட்டின் ஓடு பூரணத்தின் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

புருசன் கதிரவேலு நல்ல மனுசன். புகையிலைத் தோட்டம், வெங்காயம், இரண்டு மாடு, அதிகம் வாய் திறவாத சுபாவம். குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளை இல்லாததைத் தவிர. எட்டு வருசம் பூரணம் விரதம் பிடித்தாள், சந்நிதி கோயில் வீதியில் அடிக்கு ஒருக்கால் விழுந்து கும்பிட்டு அடியழித்தாள், ஆர் என்ன மருந்து சொன்னாலும் அரைத்துக் குடித்தாள். பாலேஸ்வரி கலியாணம் கட்டி ஆறாம் மாதமே கிணற்றடியில் நின்று வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தாள். அந்தச் சத்தத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட பூரணத்துக்கு அடிவயிறு எரிந்தது. ஆனால் ஆண்டவன் அந்த ஒருமுறை கண் திறந்தார். அவளுக்கே தெரியாமல் அவள் வயிற்றிலும் பிள்ளை இருந்தது, அதுவும் தங்கச்சியினதை விட இரண்டு மாதம் மூத்தது.

ஐப்பசியில் பூரணத்துக்கு மகள் பிறந்தாள். ஞானாம்பிகை என்று பேர் வைத்தார்கள். மார்கழியில் பாலேஸ்வரிக்கு மகன் பிறந்தான், நமசிவாயம். "என்ரை பிள்ளை மூத்தவள்" என்று பூரணம் வாறவன் போறவன் எல்லாருக்கும் சொன்னாள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்கும் சொன்னாள். பிறந்து இருபத்தொன்பது வருசத்தில் அவள் தங்கச்சியை முந்தினது அதுதான் முதல் தடவை. மனுசி ஒரு சுற்றுப் பருத்தும் போனாள்.

அந்தச் சந்தோசம் வைகாசி வரையும் இருந்தது.

இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு, குனிந்தால் ஓராள் நுழையலாம். ஒருநாள் பூரணம் அதுக்குள்ளாலே தங்கச்சி வீட்டுக்குப் போனபோது பாலேஸ்வரி மா இடித்துக்கொண்டிருந்தாள். பெடியன் பசியில் கத்தினான். "அக்கா, உந்தப் பாலை ஒருக்கால் பருக்கிவிடணை" என்றாள். பூரணம் பிள்ளையை மடியில் கிடத்தி வெள்ளிச் சங்கை வாயில் வைத்தாள். டிக் என்றது. சங்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தாள். திரும்பவும் டிக் என்றது. விரலை விட்டுக் கீழ் முரசை, பல்லு முளைக்கிற ஈறைத் தடவினாள். அரிசி முனை போலக் குத்தியது.

அஞ்சு மாதப் பிள்ளை! தன்னுடையவளுக்கு ஏழு மாதம், வாய் திறந்தால் கிழவியின் பொக்கை வாய்.

"பாலேசு, உன்ரை மோனுக்குப் பல்லு" என்று பூரணம் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதல் பல்லுக் கண்டால் கொழுக்கட்டை கொட்டவேணும். அரிசிமா, பாசிப்பயறு, சர்க்கரை. விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாய்ச் சீவிக் குத்திவைப்பார்கள். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். பல்லு அந்தத் தேங்காய்ச் சொட்டு மாதிரி வரிசையாய் வரவேணுமாம். பெரியம்மாதான் கொட்டவேணும் என்று பாலேஸ்வரி பிடிவாதமாக நின்றாள். பூரணம் கொட்டினாள். பிறகு நெல்லு, காப்பு, ஏடு, பேனை எல்லாம் தட்டத்தில் வைத்து நீட்ட, பெடியன் பேனையைப் பிடித்தான். "உத்தியோகக்காரன்!" என்று சனம் ஆரவாரம் செய்தது. "கிட்ட வைச்சால் பிடிக்கத்தானே செய்வான்" என்று பூரணம் பக்கத்திலிருந்தவளின் காதுக்குள் சொன்னாள். தங்கமுத்து மாமி கொழுக்கட்டையைக் கடித்தபடி ஞானாம்பிகையின் கன்னத்தைக் கிள்ளினாள். "இவவுக்கு எப்ப?"

அந்த "எப்ப" பூரணத்தின் நெஞ்சில் போய் நின்றது.

அதன் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. விடிந்தால் பிள்ளையின் வாயைப் பிளந்து பார்ப்பாள். முரசு கொஞ்சம் வீங்கினால் போதும், அரிசியை ஊறப்போட்டு, மா இடித்து, வறுத்து வைத்துவிடுவாள். பல்லு வராது. மா புழுத்துப்போகும். திரும்பவும் இடிப்பாள், திரும்பவும் புழுக்கும். "மாட்டுக்கு நல்ல சாப்பாடு" என்றார் கதிரவேலு. அவர் வருசத்தில் ஒருக்கால் விடுகிற பகிடி அது, அதுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு வயது நெருங்கியும் பல்லைக் காணாமல், நாட்டு மருந்து கொடுக்கிற பரியாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். பரியாரி பிள்ளையின் உச்சியைத் தடவினார், கால் கையைப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார்.

"பிள்ளை வலு சுகம். எழும்பி நிக்கிறாள், கதைக்கப் பாக்கிறாள். பல்லு வரும். சிலதுக்கு ஒண்டரை வயதும் செல்லும். உனக்கும் பிந்தித்தான் முளைச்சது. கொப்பர் உன்னையும் இப்பிடித்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்."

பூரணம் எழும்பினாள். வாசல் படலை வரையும் போனாள். போனவள் அப்படியே போயிருக்கலாம். அவளால் முடியவில்லை, திரும்பி வந்தாள்.

"தங்கச்சிக்கு?"

"அவளுக்குக் கெதியா முளைச்சிட்டுது" என்றார் பரியாரி.

அண்டைக்கு வீட்டுக்கு வந்த பூரணம் செய்த முதல் வேலை வேலியில் இருந்த பொட்டைக் கருக்கு மட்டை வைத்து அடைத்தது. அடுத்த வேலை, கிணற்றடியில் நின்று பாலேஸ்வரியின் கண் கூடாது என்று சொன்னது. "என்ரை பிள்ளையைக் கண்டால் அவள் வாயைத்தான் பாக்கிறாள். கண்ணூறு பட்டால் எங்காலை பல்லு முளைக்கும்?" என்றாள். பாவம் பாலேஸ்வரி, பொட்டு அடைபட்டிருப்பதைக் கண்டு, தெரு ஒழுங்கையால் சுற்றிப் படலைக்குள்ளாலே வந்து, "மாடு பூந்ததோ அக்கா?" என்று கேட்டாள். "ஓம், மாடு" என்றாள் பூரணம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள், ஞானாம்பிகை தாயின் விரலைக் கடித்தாள். வலித்தது. வலித்தது என்றால் பல்லு! பூரணம் குசினிக்குள் அடுப்படியில் நின்று ஒரு கூத்து ஆடாத குறை. பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வாயைப் பிளந்தாள்.

கீழே ஒன்றுமில்லை. மேலே இரண்டு.

அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மேற்பல்லு முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காள் தங்கச்சி இரண்டு பேருக்கும் இருக்கிறது ஒரே ஒரு தமையன், தம்பிஐயா. மலாயாவில் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கர். தாய் தகப்பன் போன பிறகு இரண்டு தங்கச்சிமாருக்கும் தகப்பனாக நின்றவர். அந்த வருசம் ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் ஆட்களை வேலையால் நிற்பாட்டுகிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் அடிபட்டது. கோப்பாயில் ஒருவர், நீர்வேலியில் இரண்டு பேர் என்று பெட்டியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உது விசர்க்கதை" என்றார் கதிரவேலு. "இஞ்சை முளைக்கிற பல்லுக்கும் கோலாலம்பூருக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு உது விளங்காது. அண்ணைக்கு ஒண்டு நடந்தால் என்ரை பிள்ளையைத்தான் சொல்லுவினம். மாமனைத் திண்டவள் எண்டு சொல்லுவினம். ஆர் பேந்து இவளைக் கட்டுவான்? பாலேசின்ரை மோனுக்கு எல்லாம் ஒழுங்கா முளைக்குது. என்ரை பிள்ளை மாத்திரம் எனக்கெண்டு இப்பிடிப் பிறந்திருக்கு!"

அண்ணனை நினைத்துப் பயந்தாளா, ஊருக்குப் பயந்தாளா, தங்கச்சிக்கு முன்னால் தோற்கிறதுக்குப் பயந்தாளா என்று கேட்டால், மூன்றும்தான். ஆனால் கடைசியாகச் சொன்னதுதான் கூட. இவ்வளவு மாதமும் "முளைச்சிட்டுதோ?" என்று கேட்டவர்களைக் கொல்லலாம் போல இருந்தவள், இப்போது "இன்னும் இல்லை" என்று முந்திக்கொண்டு தானே சொன்னாள். கீழ்ப்பல்லு வருமட்டும் சமாளிக்கலாம் என்பது அவள் கணக்கு. பிள்ளை சிரித்தால் சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கிற மாதிரி மூடினாள். ஆரும் தூக்கக் கேட்டால் சளி, தடிமன் என்றாள். பிள்ளைக்கு இரண்டு மாதமாகத் தடிமன்.

கீழ்ப்பல்லு வரவில்லை. மாசி மாதம் தம்பிஐயா வந்தார்.

வாடகைக் கார் பாலேஸ்வரியின் கல்வீட்டு வாசலில் நின்றது. அண்ணை வந்தால் அங்கேதானே இறங்குவார் என்று பூரணத்துக்கு அதிலும் ஒரு எரிச்சல். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"வேலை போட்டுது. என்னை மாத்திரமில்லை, எத்தினையோ பேரை நிப்பாட்டிப் போட்டாங்கள்."

தங்கமுத்து மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ரை ராசா! எந்தப் பாவியின்ரை கண் பட்டுதோ! ஒரு குறையும் இல்லாமல் இருந்த பெடியனுக்கு எங்கையிருந்து வந்தது இந்தச் சனியன்?"

"விடுங்கோ மாமி. தோட்டம் கிடக்குத்தானே" என்றார் தம்பிஐயா. "எங்கை என்ரை மருமேள்? தாவன் பூரணம்."

"தடிமன், அண்ணை…"

அவர் கேட்கவில்லை. எட்டு வருசத்துக்குப் பிறகு தங்கச்சிக்குக் கிடைத்த பிள்ளை. கையை நீட்டி வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினார். ஞானாம்பிகை மாமனை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் விரியச் சிரித்தாள்.

மாமியின் அழுகை நின்றது. "பிள்ளையை இஞ்சை திருப்படா" என்றாள். கிட்ட வந்து விரலை விட்டுக் கீழ் முரசைத் தடவினாள், மேலே தடவினாள்.

"மேலை ரெண்டு. கீழை ஒண்டுமில்லை."

கதிரவேலு நிலத்தைப் பார்த்தார்.

"எப்ப முளைச்சது பூரணம்? உன்னைத்தான் கேக்கிறன்! இவனுக்கு வேலை போக முந்தியோ, பிந்தியோ?"

பூரணம் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தாள்.

"கீழ்ப்பல்லுத்தான் மாமி முதல் முளைச்சது."

குசினி வாசலில் கோப்பித் தட்டத்தோடு பாலேஸ்வரி நின்றாள்.

"ஐப்பசியிலையே முளைச்சிட்டுது. நான்தான் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனனான். பாசி வழுக்கிப் பிள்ளை கையாலை விழுந்திட்டாள். பல்லு உடைஞ்சு போச்சு. மேல்பல்லு பேந்து வந்ததுதான். வெளியிலை சொல்லாதையெண்டு அக்காவைக் கும்பிட்டு நான்தான் மறிச்சனான்."

பொய். சுத்தமான பொய். பூரணம் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

மாமி அந்தப் பக்கம் திரும்பினாள். "சீ! எட்டு வரியம் தவமிருந்து அவள் பெத்த பிள்ளையைக் கல்லிலை போட்டிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தனியே? உன்ரை கண் கூடாதெண்டு பூரணம் கிணத்தடியிலை சொன்னவள்தான். நான்தான் நம்பேல்லை. அவள் சொன்னது சரியாத்தான் போச்சு!"

பாலேஸ்வரி தமக்கையைப் பார்த்தாள். அந்தக் கிணற்றடிக் கதை அவள் காதுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

"உன்ரை கையிலையிருந்தோ விழுந்தது, பாலேசு?" என்று தம்பிஐயா கேட்டார். குரல் எழும்பவில்லை. அவர் கடைக்குட்டியை ஒருநாளும் ஏசினதில்லை. அண்டைக்கும் ஏசவில்லை, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாலேஸ்வரி நீட்டின கோப்பியை எடுக்கவுமில்லை.

அந்த நேரத்தில் பூரணம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த நாளே கொழுக்கட்டை கொட்டவேணும் என்று மாமி சொல்லிவிட்டாள். விடியவே பாலேஸ்வரி ஒழுங்கையால் சுற்றி வந்து பூரணத்தின் குசினியில் குந்தினாள். இரண்டு பேரும் மாவைக் குழைத்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று பூரணம் கேட்டாள்.

"நீ மார்கழியிலை காய்ச்சலாக் கிடக்கேக்கை நான்தானே பிள்ளைக்குக் கஞ்சி பருக்கினது. கரண்டியிலை தட்டுப்பட்டது."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீ ஒளிச்சனீ எண்டு விளங்கிச்சுது. பேந்து ஏன் நான் சொல்லுவான்?"

வேறொருத்தி என்றால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். பூரணத்துக்கு நெருப்புத்தான் பற்றியது. நல்லவளாக இருக்கிறதிலும் இவளே முந்த வேணுமோ!

"உன்னை ஆர் பொய் சொல்லச் சொன்னது? நான் கேட்டனானே?"

"இல்லை அக்கா."

"எனக்கு உன்னிலை பொறாமை, பாலேசு. தெரியுமே உனக்கு? உன்ரை பெடியனுக்குப் பல்லுக் கண்டண்டைக்கு நான் வீட்டை வந்து அழுதனான். நேற்று உன்னை மாமி பேசேக்கை நான் ஏன் வாய் திறக்கேல்லை எண்டு தெரியுமே? பயத்திலை இல்லை. அண்ணை ஒருநாளாவது உன்னிலை முகத்தைத் திருப்பட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பாலேஸ்வரியின் கை மாவுக்குள் நின்றது. ஒரு துளி கண்ணீர் கொழுக்கட்டையில் விழுந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, "தெரியும் அக்கா" என்றாள். "தேங்காய்ச் சொட்டைத் தா."

மத்தியானம் சனம் வந்தது. பாயில் ஞானாம்பிகையை இருத்தினார்கள். வெள்ளைத் துணி பிடித்தார்கள். சின்னம்மா கொட்டட்டும் என்று ஆரோ சொல்ல, "அவளின்ரை கை வேண்டாம்" என்று மாமி வெட்டினாள். மாமியே கொட்டினாள். பிள்ளை தலையில் விழுந்த கொழுக்கட்டையைப் பிடித்து மேற்பல்லால் கரண்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். பாலேஸ்வரி மூலையில் நின்ற தன் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

தம்பிஐயா எழும்பி வந்து பூரணத்தின் தலையில் கை வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீ பெரிய மனசுக்காரி, பூரணம்" என்றார், பின்னுக்கு நிற்கிறவளுக்கும் கேட்கத்தக்கதாக. "உன்ரை பிள்ளையை விழுத்தினவளை நீ ஒரு வார்த்தை பேசேல்லை. நான் இவ்வளவு நாளும் உன்னைச் சரியா விளங்கிக்கொள்ளேல்லை."

பூரணம் பின்னுக்குப் பார்த்தாள். பாலேஸ்வரி மகனின் தோளுக்கு மேலால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், அண்ணை" என்றாள் பூரணம்.